என் மகள் கதவாக இருந்த வருஷம்

நான் கதவு செய்து பிழைக்கிறவன். எங்கள் பகுதியில் பாதி வீடுகளின் வாசலில் நிற்பது என் கைவேலைதான். அதனால் பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குக் கதவு வேஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பட்டறைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் "அப்பன் தொழில் பிள்ளைக்கு வந்திருச்சு" என்று பல்லைக் காட்டினான். காட்டட்டும், அவன் பிள்ளையும் அதே பள்ளிக்கூடத்தில்தானே படிக்கிறது என்று நான் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வாரமே ஒருத்தன் மகன் மேசையானான். இன்னொருத்தன் மகள் மழையானாள்.

முதலில் என் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறோம் என்று அவளும் சேர்ந்து தேடுவாள். வாயாடி என்றால்தான் திரும்புவாள். எட்டு வயசு. காலையில் கண் திறப்பதற்கு முன்னால் வாய் திறந்துவிடும். பல் தேய்க்கும்போது நுரையோடு பேசுவாள். என் இழைப்புளியிலிருந்து சுருண்டு விழும் மரச்சீவல் ஒவ்வொன்றுக்கும் உறவுமுறை வைத்து, "இது பெரியம்மா, இது அவங்க மருமக, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்று பஞ்சாயத்துப் பண்ணுவாள். என் மனைவி ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். விடியும் முன் போய் மதியம் வருவாள். வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, "கொஞ்ச நேரம் வாயை மூடேன்டி, காது வலிக்குது" என்பாள். மூடினால்தானே! "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், விடு" என்பேன் நான்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் வரவில்லை. எங்களுக்கும் வராது. ரொட்டிக் கடையில் என் மனைவியை இத்தனை வருஷமாக அடுப்படியிலேயே வைத்திருக்கிறார்கள், கல்லாப் பக்கம் நிற்க ஆங்கிலம் வேண்டுமாம். அடுப்புச் சூட்டில் அவள் முன்கை முழுக்கத் தழும்பு. இவளாவது நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளட்டும், சூட்டிலிருந்து தள்ளி நிற்கட்டும் என்பதுதான் எங்கள் ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் பள்ளி திறந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். கூடத்தில் நாற்காலிகளை அப்புறப்படுத்தியிருந்தார்கள். நின்றபடியே கேட்டோம். புதிதாக வந்திருந்த ஒருங்கிணைப்பாளர் மேடை ஏறினார். ஒல்லியான மனிதர். கழுத்தில் விசில், கையில் பச்சை அட்டை போட்ட கையேடு. எதைச் சொன்னாலும் முடிவில் கைதட்டுவார். நாமும் தட்டும்வரை விட மாட்டார்.

"பெற்றோர்களே! இத்தனை நாளா உங்க பிள்ளைங்க பெஞ்சில உட்கார்ந்து இங்கிலீஷ் படிச்சாங்க. என்ன ஆச்சு? ஒண்ணும் வரலை. இனிமே பெஞ்சில உட்கார மாட்டாங்க. பெஞ்சாவே ஆயிடுவாங்க!"

கைதட்டினார். தட்டினோம்.

நாடக வழி நாவன்மைத் திட்டம் என்று அதற்குப் பெயர். இனிமேல் எல்லாப் பாடமும் நாடகம்தானாம். டாக்டரிடம் போவது ஒரு நாடகம், கடைக்குப் போவது ஒரு நாடகம், ரயில் ஏறுவது ஒரு நாடகம். நடித்து நடித்தே ஆங்கிலம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வாயாடிக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த மாதிரி இருந்தது.

"இதுல பேசுற வேஷம், பேசாத வேஷம்னு ரெண்டு உண்டு," என்று அவர் தொடர்ந்தார். "ஏற்கெனவே நல்லா பேசுற பிள்ளைங்களுக்குப் பேசுற வேஷம். பேச வராத பிள்ளைங்களுக்குப் பேசாத வேஷம். யாரையும் கூச்சப்பட வைக்கக் கூடாது பாருங்க. குழந்தைங்களை மதிக்கிற திட்டம் இது."

என் மனைவி கையைத் தூக்கினாள். "பேச வராத பிள்ளைங்களைப் பேச வைக்கத்தானே சார் இந்த நாடகம்?"

"அருமையான கேள்விம்மா. இப்படித்தான் கேக்கணும்," என்று அவளுக்காக ஒருமுறை கைதட்டிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அடுத்த விஷயம்தான் எங்களைப் பயமுறுத்தியது. வருஷக் கடைசியில் கல்வித்துறை மேலதிகாரி வருவாராம். ஒவ்வொரு பிள்ளையும் அவர் முன்னால் ஒரு வாக்கியமாவது ஆங்கிலத்தில் பேச வேண்டுமாம். பேசாத பிள்ளை மறுபடி அதே வகுப்பில் உட்கார வேண்டியதுதான். அதாவது பெஞ்சாக.

வேஷம் கொடுத்த கதையை வாயாடியே வந்து சொன்னாள். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆங்கிலத்தில் "நீ யார்?" என்று கேட்டிருக்கிறார். இவள் பெயரைச் சொல்லி, அப்பா கதவு செய்வதைச் சொல்லி, அம்மா கையில் ரொட்டி வாசனை வருவதைச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பூனை யார் வீட்டில் குட்டி போட்டது என்பதுவரை சொல்லியிருக்கிறாள். எல்லாம் தமிழில். அவர் விசிலை ஊதி நிறுத்திவிட்டு, "இந்தப் பிள்ளைக்குக் கதவு" என்றாராம்.

"கதவுன்னா முக்கியமான வேஷம்ப்பா," என்றாள். "நான் இல்லாம ஒருத்தரும் உள்ளே வர முடியாது. சுவரா இருக்கிறவங்க அசையவே கூடாது, தெரியுமா? நானாவது திறந்து மூடலாம்."

அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

வகுப்பில் பேசுகிற வேஷம் நாலே பேருக்கு. தலைமையாசிரியரின் மகள், ஒருங்கிணைப்பாளரின் அக்கா மகன், வீட்டிலேயே ஆங்கிலம் பேசுகிற இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் மரம், மேசை, கடிகாரம், குழாய், வானிலை. அந்த நாலு பேரும் பள்ளிக்கு வரும்போதே ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்தவர்கள். வருஷக் கடைசியிலும் பேசினார்கள். இதற்குத்தான் திட்டத்தின் வெற்றி என்று பெயர்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு வகுப்புக்கே போய் ஜன்னலோரம் நின்றேன். கடற்கரை நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில் புரண்டு அலையாக இருந்தார்கள். நடுவில் என் மகள் ஒரு கையை நீட்டி விறைப்பாக நின்றாள். தலைமையாசிரியரின் மகள் வந்து அவள் நெற்றியில் டொக் டொக் என்று தட்டி, "மே ஐ கம் இன்?" என்றாள். உள்ளேயிருந்து ஒருங்கிணைப்பாளரின் அக்கா மகன், "யெஸ், கம் இன்" என்றான். என் மகள் திறந்தாள். தலைமையாசிரியரின் மகள் கடலுக்குள் போனாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்த டீச்சரிடம் கேட்டேன். சின்ன வயசுப் பெண். தூக்கம் பத்தாத கண்.

"கடற்கரையில கதவு எதுக்குங்க?"

"எல்லா நாடகமும் கதவைத் தட்டித்தான் ஆரம்பிக்கணும்னு கையேட்டுல இருக்குங்க. முந்தாநாள் காட்டு நாடகத்துல சிங்கம்கூடத் தட்டிட்டுத்தான் வந்துச்சு."

"அப்ப எல்லா நாடகத்துலயும் எம்பொண்ணுதான் கதவா?"

"ஒரே பொருளா இருந்தாத்தான் ஆழமா கத்துக்க முடியும்னு சார் சொல்றார்," என்று அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

இது சரிப்படாது என்று நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அந்த அறைக்கதவும் நான் செய்ததுதான், மழைக்காலத்தில் கொஞ்சம் இறுக்கும். தள்ளிக்கொண்டு நுழைந்தேன். ஒருங்கிணைப்பாளரும் உள்ளே இருந்தார்.

"சார், உங்களுக்குக் கதவுதானே வேணும்? நான் ஒண்ணு செஞ்சு தர்றேன். அடியில சக்கரம் வச்சுத் தர்றேன், கடலு காடுன்னு எங்க வேணாலும் தள்ளிக்கிட்டுப் போங்க. காசு வேணாம். எம்பொண்ணை மட்டும் விட்டுடுங்க."

ஒருங்கிணைப்பாளர் மனசு புண்பட்டவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க கதவு செஞ்சு தருவீங்க. இன்னொருத்தர் மேசை வாங்கித் தருவார். இன்னொருத்தர் மரம் நட்டுத் தருவார். எல்லாப் பொருளும் நிஜமாவே வந்துட்டா அப்புறம் பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?"

"பேசுவாங்க சார்."

தலைமையாசிரியர் பதறிப்போய் முன்னால் சாய்ந்தார். "எல்லாப் பிள்ளைங்களும் பேசினா அது வகுப்பா, சந்தையா? நாலு பேர் பேசும்போதே எனக்குத் தலைவலி வருது."

"பேசாம எப்படி சார் பேச்சு வரும்?"

"கேட்டுக் கேட்டு வரும்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "உள்ளே போற இங்கிலீஷையும் வெளியே வர்ற இங்கிலீஷையும் முதல்ல கேக்கிறது யாரு? கதவு. உங்க பொண்ணை நாங்க எவ்வளவு நல்ல இடத்துல நிறுத்தியிருக்கோம்னு உங்களுக்குப் புரியலை." கைதட்டினார். தலைமையாசிரியரும் தட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடித்த கதையாக, அந்தப் பைத்தியம் மெல்ல எங்கள் தெருவுக்கும் வந்தது. பள்ளி விட்டதும் வாசலில் காத்திருக்கும் பெற்றோர் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். "எங்க பையன் போன மாசம் வரைக்கும் சுவரு, இப்ப ஜன்னலா ஆயிட்டான்" என்று ஒருத்தி சொன்னால், இன்னொருத்தி முகம் சுருங்கிவிடும். மேசைப் பையனின் அப்பா முதுகுவலித் தைலம் வாங்கிக்கொண்டு போவார். பையன் முதுகில் தட்டு வைத்து நாலு பேரும் விருந்து நாடகம் நடிக்கிறார்களாம். கடைத்தெருவில் ஒரு டியூஷன் திறந்தார்கள். 'ஒரே மாதத்தில் மரத்திலிருந்து மணிக்கூண்டு' என்று பலகை வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. ஆங்கிலம் வருகிறதா என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. மணி சரியாக அடிக்கிறானா என்றுதான் கேட்டார்கள்.

சிரிக்கிறேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்? அரையாண்டு மதிப்பெண் அட்டையில் "கதவு: முன்னேற்றம் தேவை. திறக்கும்போது வளைகிறது. கீல் உறுதியாக இல்லை" என்று எழுதி அனுப்பினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கையிலிருந்து போன கதவுக்குக் கீல் சரியில்லை என்று இதுவரை ஒரு பயல் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே அவளைப் பட்டறையில் நிற்க வைத்து, "குதிகாலை ஊனிக்கோ. தோளைத் தளர்த்தாதே. கதவு நடுவுல மடங்காதும்மா, மொத்தமாத் திரும்பணும்" என்று பழக்கிக்கொண்டிருந்தேன்.

மனைவி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நல்லா இருக்குய்யா. அவங்க கதவாக்கினாங்க, நீ தாழ்ப்பாள் போடுறியாக்கும்."

மூன்றாம் மாதத்திலிருந்தே மகளின் பேச்சு குறைந்துகொண்டு வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. காது வலி இல்லாமல் இருக்கிறதே என்று மனைவி நிம்மதியாகக்கூட இருந்தாள். அரையாண்டு முடிந்து ஒருநாள், பட்டறையில் சீவல் குவிந்து கிடந்தது. மகள் விளக்குமாற்றை எடுத்து, பெரியம்மாவையும் மருமகளையும் ஒரே தள்ளாகத் தள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை இல்லை. இழைப்புளிச் சத்தம் தவிர அந்தப் பட்டறையில் வேறு சத்தமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை நிறுத்திவிட்டேன்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு வேளைக்குத் தேடினால் வாசலில் நிலையை ஒட்டி நிற்பாள். யாராவது வந்தால் குதிகாலை ஊன்றி மொத்தமாகத் திரும்பி வழிவிடுவாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, கொஞ்சமும் வளையாமல்.

மனைவி ஒருநாள் அவளைப் பிடித்து மடியில் உட்கார வைத்தாள். "என்னடி ஆச்சு உனக்கு? யாராவது அடிச்சாங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப ஏன்டி பேச மாட்டேங்கிறே? பேசுடி என் தங்கம். பூனையைப் பத்திச் சொல்லு. என்னைத் திட்டவாவது திட்டு."

மெதுவாகச் சொன்னாள். "கதவு பேசக் கூடாதும்மா. பேசிட்டா டீச்சருக்குத் திட்டு விழும். ஒருநாள் பேசிட்டேன். டீச்சர் அழுதாங்க."

மனைவிக்குத் தாங்கவில்லை. "வாயை மூடு வாயை மூடுன்னு நான் அடிச்சுக்கிட்டப்ப எல்லாம் மூடாதவ. இப்ப ஊரான் சொல்லி மூடிட்டியேடி" என்று வாய்விட்டு அழுதாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. பட்டறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மேலதிகாரி வரும் நாள் நெருங்கியது. மனைவியும் நானும் பள்ளிக்குப் போய் ஒருங்கிணைப்பாளரைப் பிடித்தோம். ஒரு வாக்கியம் பேசாத பிள்ளை தோல்வி என்றால் கதவு எப்படித் தேறும் என்று கேட்டோம்.

"பேசணும். பேசாட்டி தேற முடியாது."

"நீங்கதானே சார் கதவு பேசக் கூடாதுன்னீங்க?"

"அது நடிப்பு. இது தேர்வு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"தேர்வு எதை வச்சு சார்?"

"நடிப்பை வச்சுத்தான்," என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

போகும் வழியில் டீச்சர் ஓடி வந்து எங்களை நிறுத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். "போன வருஷம் வரைக்கும் என் வகுப்புல பிள்ளைங்க தப்பும் தவறுமா ஏதோ பேசிக்கிட்டு இருந்தாங்க. இப்ப ஒரு தப்பு இல்லை. பேசினாத்தானே தப்பு வரும்? தப்பில்லாத வகுப்புன்னு எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்காங்க. அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னிக்கு மேலதிகாரிதான் விருந்தாளி வேஷம் போடுறார். அவர் உள்ளே வரும்போது கதவு மெதுவா 'வெல்கம் டு அவர் ஸ்கூல், சார்' அப்படின்னு சொல்லட்டும். வாக்கியம்னு எழுதி நான் மார்க் போட்டுடறேன். யார் கேட்டாலும் நான் பார்த்துக்கிறேன்."

அதை வீட்டில் சொல்லிக்கொடுத்தோம். எனக்கும் மனைவிக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. அடுப்படியில் அவள் 'வெல்கம்' என்பாள், பட்டறையில் நான் 'டு அவர் ஸ்கூல்' என்பேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது.

அந்த நாளும் வந்தது. கூடத்தில் எங்களைச் சுவரோரம் நிறுத்தினார்கள். மேடையில் வகுப்பில் பாதிப் பேர் கைகோத்துச் சுவராக நின்றார்கள். நடுவில் ஒரு பையன் இரண்டு கையையும் வளைத்து ஜன்னலாக இருந்தான். மேசைப் பையன் குனிந்திருந்தான். கடிகாரப் பெண் தலையை ஆட்டி டிக் டிக் என்றுகொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் மகள், கை நீட்டி, குதிகால் ஊன்றி.

மேலதிகாரி பெரிய உருவம். நாடகத்துக்கு முன்னால் பேசினார். "நான் நிறைய பள்ளிக்கூடம் பார்த்திருக்கேன். கதவைச் சும்மா கதவா நினைக்கிறாங்க. பக்கத்துல புகுந்து போயிடறாங்க. அது தப்பு. கதவுன்னா கதவுதான். அது திறக்காம உள்ளே போறவன் இந்தத் திட்டத்துக்கே துரோகி." ஒருங்கிணைப்பாளர் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார்.

பிறகு மேலதிகாரி விருந்தாளியாக மாறி நடந்து வந்தார். என் மகள் நெற்றியில் தட்டினார். மோதிரக் கை. "மே ஐ கம் இன்?"

உள்ளேயிருந்து தலைமையாசிரியரின் மகள், "யெஸ், கம் இன்" என்றாள்.

கதவு திறக்கவில்லை.

மேலதிகாரி சிரித்துக்கொண்டே மறுபடி, கொஞ்சம் அழுத்தித் தட்டினார். உள்ளே மறுபடி "யெஸ், கம் இன்". என் மனைவி என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "வெல்கம், வெல்கம்டி" என்று முணுமுணுத்தாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். தலைமையாசிரியர் பக்கவாட்டிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "திற, திற" என்றார். மூன்றாம் முறை தட்டக் கை வந்தபோது என் மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நோ," என்றாள்.

மொத்தக் கூடத்துக்கும் கேட்டது. கடிகாரம் நின்றுவிட்டது.

மேலதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிக்கொண்டு போனால் துரோகி, அவர் வாயாலேயே சொன்னது. நின்றால் நாடகம் நகராது. வேர்த்துக்கொட்டியது. ஒருங்கிணைப்பாளர் கையேட்டைப் பரபரவென்று புரட்டினார். கதவு மறுத்தால் என்ன செய்வதென்று அதில் இல்லை. கடைசியில் அவர்தான் ஓடிப் போய் மேலதிகாரியின் காதில், "சார், ஜன்னல் இருக்கு" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பெரிய மனிதர் மண்டியிட்டு, ஜன்னல் பையனின் இரண்டு கைக்கும் நடுவே தலையை நுழைத்து, தோளை நுழைத்து, வயிற்றில் மாட்டிக்கொண்டு, பையன் "ஐயோ அம்மா" என்று தமிழில் அலற, உருண்டு உள்ளே போய்ச் சேர்ந்தார். எழுந்து தூசு தட்டிக்கொண்டார். கூடம் முழுக்கக் கைதட்டல்.

என் மகள் கையை நீட்டியபடியே நின்றாள். நான் கைதட்டவில்லை. ஆனால் சொல்லிக்கொள்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல கதவை நான் செய்ததில்லை.

சில நாள் கழித்து, முடிவு சொல்ல என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் பூரித்துப் போயிருந்தார்.

"மேலதிகாரிக்கு ரொம்ப சந்தோஷம். கதவே இங்கிலீஷ்ல மறுக்கிற அளவுக்கு மொழி ஊறியிருக்குன்னு மேடையிலயே சொன்னார். உங்க பொண்ணு படம் அடுத்த வருஷக் கையேட்டு அட்டையில வருது. மாதிரிக் கதவு!"

"அப்ப தேறிட்டாளா சார்?"

அவர் முகம் வாடியது. "அதுதான் வருத்தம். ஒரு வார்த்தைதானே? வாக்கியம் இல்லையே. அதோட கதவு பேசினது நடிப்பு விதிப்படி தப்பு. அதனால இங்கிலீஷ்லயும் தேறலை, நடிப்புலயும் தேறலை. அதே வகுப்புதான்."

"ஒருவகையில நல்லதுதான்," என்றார் தலைமையாசிரியர். "மத்த பள்ளிக்கூடத்துலேர்ந்து பார்க்க வருவாங்க. இப்படி ஒரு கதவை மேல் வகுப்புக்கு அனுப்பிட்டு நாங்க என்ன பண்றது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பேசாத வேஷத்தைக் கொடுத்து வருஷம் பூரா வாயை அடைச்சீங்க. வாயைத் திறந்தா ஒரு வார்த்தைதானான்னு கேக்கறீங்க. இது உங்களுக்கே நல்லா இருக்கா? இனியாவது என் பிள்ளையைப் பேச விடுவீங்களா, மாட்டீங்களா?"

"பேசும்! கண்டிப்பா பேசும்," என்று ஒருங்கிணைப்பாளர் என் தோளைத் தட்டினார். "மேலதிகாரி உத்தரவே வந்தாச்சு. இனிமே எல்லாக் கதவும் ஒரு தடவை 'நோ' சொல்லணும். ரெண்டாவது தடவை தட்டினதும் திறந்துடணும். கையேட்டுல சேர்த்துட்டோம்."

"நான் வேற பள்ளியில சேர்த்துக்கிறேன்."

"தாராளமா. ஆனா அடுத்த வருஷம் எல்லாப் பள்ளிக்கும் இதே திட்டம்தான். அங்கெல்லாம் கதவு காலியா இருக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. பல இடத்துல இப்பவே சுவர்தான் மிச்சமாம்."

டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று வாசலில் சொன்னார்கள். எதற்கென்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மகள் வாசலில் நிலையை ஒட்டி, கையை நீட்டி நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக அவளை அப்படியே தூக்கி உள்ளே கொண்டுபோய்விடுவேன். அன்றைக்கு மனசு வரவில்லை. எதிரில் நின்று, அவள் நெற்றியைத் தொடாமல், பக்கத்து மரச்சட்டத்தில் மெதுவாகத் தட்டினேன்.

"உள்ளே வரலாமா?"

நிமிர்ந்து பார்த்தாள். அந்த வருஷம் முழுக்க அவளிடம் யாரும் அதைத் தமிழில் கேட்டதில்லை. உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரு?" என்றாள். குரல் கரகரத்தது.

"தச்சருங்க. கதவு செய்றவன்."

"என்ன வேணும்?"

"இந்த வீட்டுல ஒரு பொண்ணு இருந்தா. வாய் ஓயாம பேசுவா. மரச்சீவலுக்கெல்லாம் சொந்தம் வச்சுப் பேசுவா. அவளைப் பார்க்கணும்."

யோசித்தாள். உள்ளே ஒருமுறை திரும்பி நிஜமாகவே தேடிப் பார்த்தாள்.

"அவ இல்லையே. வெளியே போயிருக்கா."

"எப்ப வருவா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கதவு."

"வந்தா சொல்றியா, அவங்க அப்பா வந்திருந்தாருன்னு?"

"சொல்றேன்," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதுவரைக்கும் நீங்க எங்க இருப்பீங்க?"

"இங்கதான். வாசப்படியில."

"சரி, உட்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தேன்.